யாரோ நகர்த்தும் சைக்கிள்

மாஸ்டருடைய சைக்கிளை யாராவது தொட்டால் அவருக்கு உடம்பெல்லாம் எரியும். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே எரியும். ஒருமுறை கடைத்தெருவில் யாரோ ஒருவர் பேச்சு சுவாரசியத்தில் அந்த ஹேண்டில்பார்மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். மாஸ்டர் ஓசைப்படாமல் போய் அந்த மனிதரின் தோளில் தன் கையை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார். "என்ன சார் இது?" என்று அவர் மிரண்டுபோய்க் கேட்க, "நீங்களும் கேக்காமத்தானே வெச்சீங்க" என்றார் நம் ஆள். வீட்டில் அவர் மனைவி இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "பேசாம அதையே கட்டிக்கிட்டிருக்கலாம் நீங்க" என்றாள்.

பெல்லை அடித்துப் பார்ப்பவர், டயரை அமுக்கிப் பார்ப்பவர், கேரியரில் தன் பையை வைத்துவிட்டுச் செருப்பைச் சரிசெய்பவர் எல்லாரும் அவருக்கு ஒரே ரகம்தான். அடுத்தவன் சட்டைப் பையில் கைவிட மாட்டான், அடுத்தவன் சைக்கிளில் மட்டும் உரிமையோடு கை வைப்பான். இதற்கு ஒரு மரியாதை முறை வேண்டாமா? "ஏங்க, தொட்டுக்கட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் வாயா வலித்துவிடும்? நியாயமான கேள்விதான். அதை மறுக்க யாராலும் முடியாது.

மாஸ்டர் என்றால் பள்ளிக்கூட மாஸ்டர் இல்லை. ஆஸ்பத்திரிகளுக்கு வெள்ளைக் கோட்டு தைக்கிற பட்டறையில் கட்டிங் மாஸ்டர். நாற்பது துணியை அடுக்கிப் போட்டு வெட்டினாலும் அடியில் இருக்கிற துணி நூலளவு பிசகாது. அப்படிப்பட்ட கை. காலையில் மேஜைக்கு முன்னால் நின்றாரென்றால் சாயங்காலம்வரை முதுகு ஜன்னல் பக்கம், முகம் துணிப் பக்கம்.

பட்டறைக்கும் பக்கத்துக் கட்டடத்துக்கும் பொதுவாக ஒரே முற்றம். பக்கத்துக் கட்டடம் வெகுகாலம் காகித கோடவுனாக இருந்தது. மூன்று மாதத்துக்கு முன்புதான் அங்கே பிசியோதெரபி கிளினிக் வந்தது. வாசலுக்கு நான்கு படி. படி ஏற முடியாதவர்களுக்காகப் பக்கச் சுவரை ஒட்டிச் சிமெண்டில் ஒரு சரிவுப் பாதையும் போட்டார்கள். அந்தச் சரிவு தரையைத் தொடுகிற இடத்தில், வெயில் படாத நிழலில், மாஸ்டரின் சைக்கிள் பதினோரு வருஷமாக நிற்கிறது. பாதை போட்ட பிறகும் அங்கேயேதான் நின்றது.

அந்தக் கிளினிக் வந்ததிலிருந்துதான் சைக்கிள் நகர ஆரம்பித்தது. காலையில் அவர் ஒரு இடத்தில் நிறுத்துவார், மத்தியானம் வந்து பார்த்தால் இரண்டடி தள்ளி நிற்கும். சக்கரம் கொஞ்சம் கோணியிருக்கும். பூட்டிய சைக்கிளை உருட்ட முடியாது, சீட்டுக்கு அடியில் கைகொடுத்துத் தூக்கித்தான் வைக்க வேண்டும். அப்படியானால் எவனோ வேலை மெனக்கெட்டுத் தூக்கியிருக்கிறான்! தினமும்!

சைக்கிள் ஏன் நகர்கிறது என்று இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கும் தெரிகிறது. மாஸ்டருக்கு மட்டும் தெரியவில்லை. யார் தொட்டது, யார் தொட்டது என்று குடைந்துகொண்டிருந்தவருக்கு, எதற்காகத் தொட்டார்கள் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. பாவி மனுஷன்.

தையல் மெஷின் பெட்டியில் ஒரு டப்பா கறுப்பு கிரீஸ் உண்டு. ஒரு நாள் காலையில் மாஸ்டர் அதிலிருந்து இரண்டு விரல் எடுத்து, சீட்டின் அடி விளிம்பில் சுற்றிலும் நன்றாகத் தடவினார். தூக்குகிறவன் கை அங்கேதான் போகும். கறுப்புக் கையோடு எவன் அகப்படுகிறானோ அவன்தான் திருடன். வெள்ளைத் துணிப் பட்டறை, எங்கே ஒளிப்பான்? பழந்துணியில் தன் விரலைத் துடைத்துக்கொண்டு விசிலடித்தபடி உள்ளே வந்தார்.

பதினோரு மணியிலிருந்து ஒவ்வொருத்தர் கையாகப் பார்க்க ஆரம்பித்தார். நூல் கேட்கிற சாக்கில் ஒரு கை, கத்தரி கொடுக்கிற சாக்கில் ஒரு கை. காஜா போடுகிற மெஷினில் இருபது வருஷமாக உட்கார்ந்திருப்பதால் காஜா அக்கா என்றே பேர் வாங்கிய அம்மாள், இரண்டு கையையும் விரித்து நீட்டினாள்.

"என்ன மாஸ்டர், ஜோசியமா? எனக்கு ரெண்டாங் கல்யாணம் இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

"மொதக் கல்யாணத்தை ஒழுங்காப் பாரு" என்று முணுமுணுத்துவிட்டு நகர்ந்தார். எல்லாக் கையும் சுத்தமாகவே இருந்தது. அவருக்கு ஏமாற்றம் தாங்கவில்லை.

அன்றைக்குத்தான் புதிதாகத் தையலுக்கு ஆள் எடுக்கிற நாள். மூன்று பெண்கள் வந்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு காலர், ஒரு பாக்கெட், முக்கால் மணி நேரம். வெட்டிய துணியை மாஸ்டர் கொடுக்க வேண்டும். தைத்து முடித்ததும் முதலாளியம்மா விளக்குக்குக் கீழே வைத்துப் பார்ப்பார்.

இரண்டாவதாக நின்ற பெண்ணிடம் துணியை நீட்டியபோது மாஸ்டரின் கை பாதியில் நின்றது. அவள் விரல்களின் ரேகையிலும் நகக்கண்ணிலும் கறுப்பு. சோப்பும் மண்ணும் போட்டுத் தேய்தேயென்று தேய்த்துத் தோல் சிவந்திருந்தது, கறுப்பு போகவில்லை. அகப்பட்டுக்கொண்டாயா! ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், மாஸ்டருக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அதைப் பிற்பாடு நினைத்தபோதெல்லாம் அவருக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

அவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். முதலாளியம்மா கேட்பதற்கு முன்பே அவளாகச் சொன்னாள். "வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துடுச்சும்மா. பக்கத்துக் கிளினிக்லதான் தினமும் பயிற்சி. அவரை உள்ள விட்டுட்டு வெளிய சும்மாத்தான் உக்காந்திருக்கேன். வீட்ல தனியாவும் விட முடியல, வேலைக்கும் போக முடியல. இங்க கெடைச்சா ஓடி ஓடிப் போயி அவரையும் பாத்துக்குவேன். எனக்கு வேற எந்த இடமும் ஒத்து வராதும்மா."

பிறகு உட்கார்ந்து தைத்தாள். மாஸ்டர் வெட்டுகிறவர், நல்ல தையல் எது என்று அவர் கண்ணுக்குத் தெரியும். காலர் முனையைத் திருப்புகிறபோது முக்கால்வாசிப் பேர் ஊசியால் குத்தி இழுத்து நூலைப் பிசிறடிப்பார்கள். இவள் நகத்தால் மடித்து, ஒரே சுண்டு சுண்டித் திருப்பினாள். முனை கத்தி மாதிரி வந்தது. அடேயப்பா என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டார். கறுப்பு விரல் படாமலிருக்கக் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டே தைத்தாள். அப்படியும் முனையைத் திருப்புகிற நேரம் கைக்குட்டையை எடுக்க வேண்டியிருந்தது.

முதலாளியம்மா மூன்று காலரையும் விளக்கில் பிடித்துப் பார்த்தார். இரண்டாவதை வெகுநேரம் பார்த்தார். திருப்பினார். உள்பக்கம், முனைக்குச் சற்றுக் கீழே, மங்கலாக ஒரு கட்டைவிரல் பதிந்திருந்தது.

"தையல் பிரமாதமா இருக்கும்மா. ஆனா வெள்ளைத் துணியில இப்படி ஒண்ணு போச்சுன்னா மொத்தக் கட்டையும் திருப்பி அனுப்பிடுவாங்க. வேலைக்கு வர்ற அன்னிக்கே கையைப் பாத்துக்க வேணாமா?"

"வழியில ஒரு சைக்கிள் நின்னுச்சும்மா. நகர்த்தி வெச்சேன். அதுல ஏதோ ஒட்டியிருந்திருக்கு. நாலு தடவை கழுவிட்டேன், போகவே மாட்டேங்குது." அவள் குரல் கெஞ்சுகிற மாதிரி இல்லை, நடந்ததைச் சொல்கிற மாதிரிதான் இருந்தது.

முதலாளியம்மா யோசித்தார். அவர் கல்நெஞ்சக்காரி இல்லை. மாஸ்டர் பக்கம் திரும்பி, "நீங்க என்ன சொல்றீங்க மாஸ்டர்?" என்றார்.

பட்டறையே அவரைப் பார்த்தது. "அது என் சைக்கிள், கிரீஸ் நான் தடவினது." இவ்வளவுதான் சொல்ல வேண்டும். வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டது. ஆனால் இத்தனை பொம்பிளைகள் நடுவில் சொன்னால் காஜா அக்கா ஆயுசுக்கும் விடமாட்டாள், முதலாளியம்மா என்ன நினைப்பார், அதுவுமில்லாமல் இவள் கேட்காமல் தொட்டது நிஜம்தானே என்று மனசு ஒரு மூலையில் இன்னும் முறுக்கிக்கொண்டிருந்தது. மாஸ்டர் தொண்டையைக் கனைத்தார்.

"கை சுத்தம் முக்கியந்தாங்கம்மா."

அவள் காலரை நீவி மேஜைமேல் வைத்துவிட்டு, "சரிங்க" என்று சொல்லிப் போய்விட்டாள். முதல் பெண்ணின் பாக்கெட் கோணல். மூன்றாவதாக வந்தவளை எடுத்துக்கொண்டார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் கை கழுவுகிற இடத்தில் காஜா அக்கா அவர் பக்கத்தில் வந்து நின்றாள். இந்தத் தடவை கிண்டல் இல்லை.

"அந்தச் சரிவுக்கு முன்னாடி ஒரே ஒரு சைக்கிள்தான் மாஸ்டர் நிக்குது. காலையில கிரீஸ் டப்பா மூடி தெறந்து கெடந்துச்சு. நாந்தான் மூடினேன்."

மாஸ்டர் குழாயை மூடாமல் நின்றார்.

"சக்கர நாற்காலியத் தள்ளிக்கிட்டு அந்தப் பொண்ணு என்ன பண்ணுவா? ஒங்க சைக்கிளத் தாண்டிப் பறந்தா போவா?"

அப்போதுதான் அவர் வெளியே போய்ப் பார்த்தார். பதினோரு வருஷமாகத் தன் இடம் என்று நினைத்த இடத்தைப் பார்த்தார். சரிவு, அதன் வாயை அடைத்துக்கொண்டு சைக்கிள். குழந்தைக்குக்கூடப் புரியும். சீட்டின் மேல்தோலை யாரோ ஈரத்துணியால் துடைத்திருந்தார்கள். தன் கைக் கறை ஒட்டிவிட்டதென்று நினைத்து அவளேதான் துடைத்திருக்க வேண்டும். மாஸ்டர் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கவே இல்லை.

மூன்று மணிக்கு முதலாளியம்மாவின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் ஒப்பித்தார். அவர் கணக்குப் புத்தகத்தை மூடாமலே கேட்டுக்கொண்டிருந்தார். கோபித்திருந்தால்கூட மாஸ்டருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"நான் ஒங்களக் கேட்டேனே மாஸ்டர். ஒங்களத்தானே கேட்டேன்" என்றார். பிறகு கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். புதிதாக வந்தவள் மெஷினுக்குக் கீழே தன் பையைச் செருகி வைத்துவிட்டு, தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தாள். "இப்ப அவள எழுப்பி வீட்டுக்கு அனுப்பச் சொல்றீங்களா? நீங்களே போய்ச் சொல்றீங்களா?"

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தார்.

மறுநாள் சீக்கிரமே வந்து, சைக்கிளை முற்றத்துக் கேட்டுக்கு வெளியே கொளுத்துகிற வெயிலில் நிறுத்தினார். கிரீஸை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார். சரிவுப் பாதையில் கிடந்த சருகைக்கூடக் காலால் ஒதுக்கினார். வந்தால் என்ன சொல்வது என்று உதடு ஒத்திகை பார்த்துக்கொண்டே இருந்தது.

பத்தே காலுக்கு அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அதில் உட்கார்ந்திருந்தவர் வலது கையை இடது கையால் பிடித்து மடியில் வைத்திருந்தார். சரிவுக்கு நேராக வந்தவள் அங்கே நிற்கவில்லை. தாண்டிப் போய், படிகளுக்கு முன்னால் நாற்காலியைத் திருப்பி, முதுகு படியைப் பார்க்கிற மாதிரி நிறுத்தினாள்.

மாஸ்டர் ஓடினார். "அம்மா, இப்படி வாங்க. இந்தப் பக்கம் காலியாத்தான் இருக்கு. சைக்கிள எடுத்தாச்சு."

"பரவால்லண்ணே" என்றாள். "அந்த சைக்கிள்காரருக்கு நாங்க தொடறது பிடிக்கல. நேத்து ராத்திரிதான் எனக்கு உறைச்சுது. தானா ஒட்டற இடமில்ல அது, வேணும்னு தடவினது. இன்னிக்கு எடுத்திருப்பாரு, நாளைக்கு வெப்பாரு. தினமும் பயந்து பயந்து வர முடியாது. படியிலயே பழகிக்கறோம்."

"நாந்தாம்மா அது." ஒத்திகை பார்த்தது எல்லாம் மறந்துபோய் இது ஒன்றுதான் வாயில் வந்தது. "என் சைக்கிள்தான். நாந்தான் தடவினேன். நேத்து அங்க நின்னுக்கிட்டு சொல்லாம விட்டதும் நாந்தான்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தார், திட்டிவிட்டால் தேவலை என்றும் நினைத்தார்.

"ஒரு காகிதத்துல எழுதி மாட்டியிருக்கலாமேண்ணே" என்றாள். "தொடாதீங்கன்னு ரெண்டு வார்த்தை. எனக்குப் படிக்கத் தெரியும்."

"தப்புதாம்மா. பெரிய தப்பு. நான் ஒரு பக்கம் பிடிக்கட்டுமா?" என்று கேட்டார். கையை நீட்டவில்லை, கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.

அவள் கணவரைப் பார்த்தாள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்த அந்த மனிதர் வெகுநேரம் முயன்று, ஒவ்வொரு எழுத்தாகச் சேர்த்து, "வேணாங்க" என்றார். அதிலும் மரியாதை குறையவில்லை.

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கைப்பிடிகளைப் பிடித்து நாற்காலியைப் பின்னுக்குச் சாய்த்து முதல் படியில் ஏற்றினாள். சக்கரம் தட்டென்று விழுந்தது. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்தது. பக்கத்தில் சரிவுப் பாதை சுத்தமாக, காலியாகக் கிடந்தது. மாஸ்டர் இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு கீழேயே நின்றார். நேற்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவள் இந்நேரம் உள்ளே மெஷினில் உட்கார்ந்திருப்பாள்.

"இன்னும் ஒண்ணுதாங்க, கெட்டியாப் பிடிச்சுக்கோங்க" என்று அவள் கணவரிடம் சொல்வது கேட்டது.