துடுப்புப் போடுங்க, அத்தான்

தாராவியில் அந்தச் சந்தின் நடுவில் ஒரு கயிற்றுக் கட்டில் கிடந்தது. அதன் நான்கு மூலையிலும் நான்கு ஆண்கள், கையில் ஆளுக்கொரு பலகையோடு உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர்க் குடத்தோடு வந்த பெண்கள் சுவரை ஒட்டி ஒதுங்கி, சிரிப்பை முந்தானைக்குள் அடக்கிக்கொண்டு போனார்கள். அவர்களுக்கு அது கட்டில். பின்மூலையில் இருந்த கோமதிநாயகத்துக்கு அது ஆற்றில் போகிற தெப்பம்.

"வலது பக்கம் போடுங்க, அத்தான்," என்றான்.

முன்னால் இருந்த ஆறுமுகநயினார் நிதானமாகத் திரும்பிப் பார்த்தார். அவன் அக்காள் பேராச்சியின் புருஷன். "எதைப் போட?"

"துடுப்பைத்தான், அத்தான்."

"அப்பம் துடுப்புன்னுல்லா சொல்லணும். போடுங்கன்னா எதைன்னு கண்டேன்?"

"சரி, முடிஞ்சுது," என்றான் பக்கத்து மூலையில் இருந்த முகைதீன். "பாறையில முட்டியாச்சு. எல்லாரும் இறங்குங்க, பொணத்தைத் தேடுவோம்."

அவனுடைய மாமா கரீம் பாட்சா குலுங்கிச் சிரித்தார். கட்டில் கிறீச்சிட்டது. கோமதிநாயகத்துக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தி மயங்கிக்கொண்டு வந்தது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு வாரம்.

நால்வருக்கும் ஒரே தோல் கம்பெனியில் வேலை. கோமதிநாயகத்துக்குச் சுண்ணாம்புத் தொட்டி. ஊறிய எருமைத் தோலைத் தொட்டியிலிருந்து இழுத்து, புரட்டி, மறுபடி அமுக்க வேண்டும். விரலிடுக்கெல்லாம் வெடித்துப் போயிருந்தது. குழம்புச் சோற்றில் கை வைத்தால் கண்ணில் நீர் முட்டும். வேலைநிறுத்தத்தில் கம்பெனி மூடிக் கிடந்த ஒரு மழைக்காலத்தில் அவனும் முகைதீனும் கர்ஜத் பக்கம் ரயில்பாதைக்குக் கல் சுமக்கப் போனார்கள். அங்கேதான் உல்ஹாஸ் ஆற்றைப் பார்த்தார்கள். மலையிலிருந்து வெள்ளம் நுரை கக்கிக்கொண்டு வரும். சாயங்காலமானால் இருவரும் லாரி ட்யூபில் ஏறி அதில் இறங்குவார்கள். முதலில் விளையாட்டு, பிறகு அதுவே பைத்தியமாகி விட்டது. எந்தக் கல்லுக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை அடிபட்டு அடிபட்டுத்தான் படித்தார்கள்.

ஒருநாள் பாலத்தில் நின்று இதைப் பார்த்தவர் நம்பிராஜன். மாட்டுங்காவில் வீடு, செம்பூரில் ஒரு ஃபாக்டரியில் வேலை. அங்குள்ள ஆட்களைச் சேர்த்து மலையேறக் கூட்டிக்கொண்டு போகிற மனிதர். "எங்க ஆட்களை நீ கூட்டிண்டு போவியா?" என்று அன்றே கேட்டார். ஆனால் மனிதர் ஜாக்கிரதைப் பேர்வழி. "முதல்ல மூணு பேரை ஏத்திண்டு நீ இறங்கிக் காட்டு. நான் கரையில நிக்கறேன். எனக்குத் திருப்தியா இருந்தா, ஃபாக்டரியிலேயே உனக்கு ஒரு இடம் பார்க்கறேன். மழை வந்தா ஆறு, மத்த நாள் ஸ்டோர்."

ஸ்டோர் என்ற சொல்லைக் கோமதிநாயகம் அன்றைக்கு ராத்திரி படுக்கையில் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தான். அங்கே சுண்ணாம்பு கிடையாது.

அப்போது பிடித்தது தொல்லை. நம்பிராஜனுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் ஒழிவு. தோல் கம்பெனிக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. ஞாயிறு கேட்டுப் போன முகைதீனை மேஸ்திரி நாயை விரட்டுகிற மாதிரி விரட்டினான். பிறகு ஆறுமுகநயினார் போய் நின்றார். இருபது வருஷமாகத் தொட்டியில் நின்ற கால் அது. என்ன சொன்னாரோ, நால்வருக்கும் அந்த ஒரு ஞாயிறு கிடைத்தது. அதற்குப் பதிலாக அவர் தன் இரண்டு வெள்ளிக்கிழமைகளை மேஸ்திரிக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அந்த ஞாயிறு தவறினால் மழை விடும், ஆறு முழங்கால் தண்ணீராகும், நம்பிராஜனும் மறந்துபோவார்.

மற்றதெல்லாம் ஒருவழியாகச் சேர்ந்தது. நான்கு லாரி ட்யூப், மேலே கட்ட மூங்கில், அதன் மேல் விரிக்கக் கெட்டித் தார்ப்பாய், இடுப்புக்கு ஆளுக்கொரு ஸ்கூட்டர் ட்யூப், காற்றடிக்கப் பம்பு. காற்றை இறக்கிச் சுருட்டினால் ரயிலில் சீட்டுக்கு அடியில் போய்விடும். சேராதது ஒன்றுதான்: துடுப்புப் போடச் சொல்லும் ஏவல்.

ஆற்றில் ஒரு வளைவு உண்டு. வளைவு திரும்பின உடனே நடுவில் ஒரு பாறை. இடது பக்கம் போனால் தப்பு இல்லை. வலது பக்கம் தண்ணீர் குப்புற விழுந்து, திரும்பி மேலேறி, விழுந்ததை வெளியே விடாமல் உருட்டும். வாழைத்தண்டை எறிந்து பார்த்தார்கள்; அது இருட்டும்வரை அங்கேயே சுற்றிக்கொண்டு கிடந்தது. வளைவுக்கும் பாறைக்கும் நடுவே ஒரு சொல்லுக்குத்தான் இடம். அந்தச் சொல் விழுந்த கணத்தில் நாலு கையும் ஒன்றாக அசைய வேண்டும்.

அவனோ, "வலது பக்கம் கொஞ்சம் போடுங்க, அத்தான்" என்கிறான். வேறு எப்படிச் சொல்ல? ஊரிலிருந்து அழைத்து வந்து, தன் ஒற்றை அறையில் பாதியைக் கொடுத்து, வேலையும் வாங்கிக் கொடுத்த மனிதர். அவர் எதிரில் அவன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தது கிடையாது. கரீம் பாட்சாவும் வயதில் பெரியவர். அவனும் அவரை மாமா என்றுதான் கூப்பிடுகிறான். "மாமா, நீங்களும் அப்படியே இடது பக்கம் இழுங்க" என்று முடிப்பதற்குள் ஆறு இவர்களைத் தின்று ஏப்பம் விட்டிருக்கும்.

"இப்படியே போனா மரியாதையோட முங்கிச் சாவோம், மாப்ளே," என்றான் முகைதீன்.

கோமதிநாயகத்துக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. என்ன செய்கிறோம் என்று நினைப்பதற்குள் அவன் வாயிலிருந்து அது வந்துவிட்டது.

"ஆகே மார்."

நாலு பலகையும் ஒன்றாக முன்னால் பாய்ந்தன.

"பீச்சே."

நாலும் பின்னால் வந்தன. ஆறுமுகநயினாரின் பலகைதான் முதலில் அசைந்தது.

"ருக்."

கட்டில் அசையாமல் நின்றது. பார்த்துக்கொண்டிருந்த பெண்கள்கூடச் சிரிப்பை விட்டார்கள். கோமதிநாயகத்துக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. "இதுதான், அத்தான். இதேதான்."

ஆறுமுகநயினார் பலகையைக் கீழே வைத்தார். வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"பகல் பூரா அந்த மேஸ்திரி வாயில இதைத்தான் கேக்கேன். கேட்டு கேட்டு, காது கேக்கதுக்கு முன்னாலேயே கை தூக்குது. ஞாயித்துக்கிழமையும் இதுதானா?"

"நான் உங்களைத் திட்டலையே, அத்தான்."

"திட்டியிருந்தாத் தேவலை," என்றுவிட்டு அறைக்குள் போனார்.

கரீம் பாட்சா தொண்டையைச் செருமினார். முகைதீன், வடாலாவில் தன் சகலை ஒருவன் இருக்கிறான், அவருக்குப் பதிலாக வருவானா என்று கேட்டுப் பார்க்கவா என்றான். "அவனுக்கு யாரு லீவு குடுப்பா? அவன் வந்து எப்பம் படிப்பான்?" என்று கோமதிநாயகம் எரிந்து விழுந்தான். அதைவிட, அத்தான் இரண்டு வெள்ளிக்கிழமையைக் கொடுத்து வாங்கின நாள் அது. அவரை விட்டுவிட்டு அந்த நாளில் போய் ஆற்றில் இறங்க அவனால் முடியாது.

வாசலில் பேராச்சி நின்றாள். "அவுகளை மாட்டை முடுக்குத மாதிரி முடுக்குதியே. உன் கையைப் பாத்துத்தாம்லே நான் இந்தக் கூத்துக்கு வாயை மூடிக்கிட்டு இருக்கேன்."

"நான் என்னக்கா செய்யட்டும்? மரியாதையாச் சொன்னா நேரம் பத்தல. சுருக்கச் சொன்னா கோவம் வருது. ஆறு காத்துக்கிட்டா நிக்கும்?"

உள்ளே செம்பில் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு ஆறுமுகநயினாரின் குரல் வந்தது.

"பேரைச் சொல்லிக் கூப்பிடு."

"யார் பேரை?"

"எம் பேரைத்தான். பேரைச் சொல்லி, போடுன்னா போடுதேன். இழுன்னா இழுக்கேன்."

பேராச்சி காதைப் பொத்திக்கொண்டாள். "நல்லாருக்கே கதை. கூடப்பொறந்தவன் அத்தானைப் பேரு சொல்லிக் கூப்பிடுததை இந்தச் சந்து கேக்கணுமாக்கும்."

அவர் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். "அந்த மேஸ்திரிக்கு எம் பேரு தெரியாது. இருபது வருஷமா 'ஏ மதராசி'தான். இவனுக்குத் தெரியும்லா. தெரிஞ்சவன் சொல்லட்டும்." கட்டிலில் பழைய இடத்தில் உட்கார்ந்து பலகையை எடுத்துக்கொண்டார். "ம், வளைவு வந்துட்டு."

கோமதிநாயகம் வாயைத் திறந்தான். "ஆறு…" என்றான். அதற்கு மேல் வரவில்லை.

"ஆத்தைச் சொல்லுதானா, ஆளைச் சொல்லுதானா?" என்று கரீம் பாட்சா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"ஆறுமுகம், போடு," என்று முணுமுணுத்தான்.

"எனக்கே கேக்கலை. அங்க தண்ணி போடுத சத்தத்துல கேக்குமா? பாறை வந்துட்டு, மாப்ளே," என்றான் முகைதீன்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். மூடின கண்ணுக்குள் அந்த வாழைத்தண்டு சுற்றிக்கொண்டிருந்தது.

"ஆறுமுகம், போடு."

சந்து முழுக்க எதிரொலித்தது. எதிர்வீட்டுக் கதவு திறந்து, சொர்ணம்மாள் தலையை நீட்டினாள். "என்ன பேராச்சி, வீட்டுக்குள்ள சண்டையா?" பேராச்சி உள்ளே போய்ப் பாத்திரத்தை ணங்கென்று வைத்தாள். கோமதிநாயகத்துக்கு உடம்பெல்லாம் கூசியது. கண்ணைத் திறந்தபோது அத்தானின் பலகை காற்றை அறுத்துக்கொண்டு பின்னால் போய்க்கொண்டிருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆனால் இடது மூலை இன்னும் பிந்தியது. அங்கே சிரித்துச் சிரித்துப் பலகையை மடியில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார் ஒரு மனிதர். கோமதிநாயகம் அந்தப் பக்கம் திரும்பினான்.

"கரீம், இழு."

சிரித்துக்கொண்டிருந்த வாய் அப்படியே நின்றது. "நானுமா," என்றார் கரீம் பாட்சா. முகைதீன் முகத்தைத் தோளில் புதைத்துக்கொண்டான். பிறகு அவர் பலகையை எடுத்தார்.