வெள்ளி அன்னம்

ஆரணியில் இலச்சினை வரைகிறவர் யார் என்று கேட்டால் சேவூர் சாலையில் சுபலட்சுமி வீட்டைக் காட்டுவார்கள். ஊரில் வேறு ஆள் இல்லை என்பதும் ஒரு காரணம். பள்ளிகள், சங்கங்கள், பழைய குடும்பங்கள் என்று எத்தனையோ பேருக்குக் கேடயமும் விலங்குமாக அடையாளம் வரைந்து கொடுத்திருக்கிறாள். புத்தக அட்டையின் உள்பக்கம் 'இது இன்னாருடையது' என்று ஒட்டும் சீட்டுகள் அவளுக்குக் கைவந்தவை. அதற்கெல்லாம் முன்னால் பட்டுச்சேலைக்குக் கட்டத்தாளில் டிசைன் போட்டுக்கொண்டிருந்தாள்.

இப்போது முதல்முறையாக ஒரு தபால்தலை. மலைமேல் உள்ள ஒரு கல்லூரியின் நூற்றாண்டுக்கு வெளிவருவது. படம் கல்லூரியின் பழைய இலச்சினையேதான்: தங்கக் கரையிட்ட சிவப்புக் கேடயம், நடுவில் வெள்ளி அன்னம். நூலகப் புத்தகச் சீட்டுக்கும் அதே படம்தான். இரண்டும் கறுப்பு மை ஒன்றிலேயே அச்சாகும்.

கறுப்பு மையில் சிவப்பை எப்படிக் காட்டுவது? இலச்சினைக்காரர்கள் அதற்கு அழகான வழி வைத்திருக்கிறார்கள். நெடுக்குக் கோடுகளால் நிரப்பினால் சிவப்பு, படுக்கைக் கோடுகள் என்றால் நீலம். புள்ளி வைத்தால் தங்கம். ஒன்றுமே போடாமல் விட்டால் அது வெள்ளி.

படத்தை அனுப்பிய மறுநாள் காலை கல்லூரி நூலகர் சிவசங்கரி போன் செய்தாள்.

"மேடம், அன்னம் அருமையா இருக்கு. ஆனா தங்கமா இருக்கே?"

"வெள்ளிதானே வரைஞ்சேன்?"

"உடம்பு பூரா புள்ளி வச்சிருக்கீங்களே!"

சுபலட்சுமி கணினியில் படத்தைப் பெரிதாக்கினாள். இறகு போகும் வழியெல்லாம் வரிசையாகப் புள்ளிகள். அவள் கைதான் வைத்திருந்தது. சேலையில் பெரிய உருவம் வந்தால் ஜரிகை நீளமாகக் கட்டில்லாமல் ஓடும். ஓடினால் மெட்டியிலும் வளையலிலும் மாட்டி இழுத்துக்கொள்ளும். அதனால் டிசைன் போடுகிறவர்கள் நடுநடுவே புள்ளி வைப்பார்கள். புள்ளி வைத்த இடத்தில் ஜரிகை அடங்கிக் கட்டுப்படும்; அதற்குக் கட்டு என்றே பேர். அகலமான வெற்றிடத்தைப் பார்த்ததும் பழைய பழக்கம் தானாக வேலை செய்துவிட்டது.

"அப்படியே விட்டுடுங்களேன்," என்றாள் சிவசங்கரி. "தங்கம்னா எங்க முதல்வருக்குச் சந்தோஷம்தான். சாயங்காலம் அச்சுக்குப் போகணும். லேட்டானா இன்னொருத்தர் வரைஞ்ச படத்தை எடுத்துப்பாங்க."

"நூறு வருஷமா வெள்ளியா இருந்த பறவைங்க. நான் கை தவறினதுக்கு அதைத் தங்கமாக்கறதா? சாயங்காலத்துக்குள்ள அனுப்புறேன்."

தறியை விட்டு எழுந்து வந்த கணவன் வீரபாகு அவள் முகத்தைப் பார்த்தான். "இன்னா சுபா, மூஞ்சி ஏன் இப்டி கீது?"

"அன்னத்துக்குக் கட்டு போட்டுட்டேங்க."

"சரியான பேஜார்!" அவன் சிரித்தான். "தபால்தலய யாரு இடுப்புல சுத்திகினு போவப்போறாங்க? எந்த மெட்டில மாட்டும்?"

"சிரிச்சது போதும். ஜல்தியா ஒரு டீ போட்டுகினு வாங்க."

புள்ளிகளை அழிப்பது சுலபம். அழித்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. அன்னம் கத்தரித்து ஒட்டிய வெள்ளைத் தாள் போல ஆகிவிட்டது. மார்பு எது, இறக்கை எது என்று காட்டிக்கொண்டிருந்தது அந்தப் புள்ளிகள்தான். வால் இறகுக்கு இரண்டு படுக்கைக் கோடு இழுத்தாள், வால் நீலமாகிவிட்டது. நிமிர்த்தி இழுத்தாள், சிவப்பு. டீ ஆறிப்போனது.

மத்தியானத்துக்கு மேல்தான் பிடி கிடைத்தது. நேராக ஓடும் கோடுதான் நிறமாகிறது; வளைந்த கோடு வெறும் இறகுதான். ஒவ்வொரு கோட்டையும் வளைத்தாள். எந்த இரண்டும் ஒரே திசையில் போகாமல், நடுவில் தடித்து நுனியில் கரைந்துபோகும்படி விட்டாள். கழுத்துக்கு உள்ளே ஒன்றும் போடவில்லை. வெளிக்கோட்டை ஒரு பக்கம் மட்டும் அழுத்தினாள், கழுத்து உருண்டு வந்தது.

வெயில் தாழ்வதற்குள் அனுப்பிவிட்டாள். சற்று நேரத்தில் சிவசங்கரியின் குரல்: "சத்தியமா வெள்ளிதான் மேடம்! அச்சுக்குப் போயாச்சு."

தபால்தலைகள் வந்த அன்று, இழை பார்க்கும் லென்ஸை எடுத்து வந்து வீரபாகு குனிந்தான்.

"அன்னத்துல ஒரு புள்ளிகூட இல்லியே."

"கரையப் பாருங்க."

கேடயத்தைச் சுற்றிய தங்கக் கரை நெடுகப் புள்ளிகள். ஒன்று விட்டு ஒன்று இறங்கி ஏறி, அவன் தினமும் நெய்கிற அதே வரிசை.

"அட, நம்ம தறிக் கட்டு!"

"தங்கம்னா கட்டு போடணும்ல?" என்றாள் சுபலட்சுமி.

அவன் ஒரு தபால்தலையை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, பக்கத்துத் தறிக்காரர் துரைக்கண்ணுவிடம் காட்டக் கிளம்பினான். அவள் லென்ஸை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"இதையும் எடுத்துகினு போங்க. வெறும் கண்ணுக்குத் தெரியாது."