முந்திக்கொண்டவள்

கடையின் பின்பக்கக் குளியலறைக்குள்ளிருந்து பெரியவளின் குரல் வந்தது. "ஏய் சின்னவளே, உன் பையில பேட் இருந்தா ஒண்ணு குடுடி. மறுபடியும் வந்து தொலைச்சிருக்கு."

தையல் மெஷின் மேல் குனிந்திருந்த சின்னவளின் கால் மிதியிலேயே நின்றது. அவள் பையில் அது இல்லை. ஒரு வருஷத்துக்கு மேலாகவே இல்லை. "தீந்துபோச்சுக்கா, வாங்கிட்டு வரேன்" என்று தெருவில் இறங்கினாள். மருந்துக்கடையில் அந்தப் பாக்கெட்டைக் கேட்டபோது, இன்னொருத்தியின் நகையை இரவல் கேட்பதுபோல் நாக்கு கூசியது.

அக்காளும் தங்கையும் சேர்ந்து திரைச்சீலை தைக்கும் கடை நடத்தினார்கள். பெரியவள் அளவெடுத்து வெட்டுவாள், சின்னவள் தைப்பாள். பெரியவளுக்கு ஐம்பத்து நான்கு, சின்னவளுக்கு நாற்பத்தேழு. அக்கா அழகி, அக்கா வாய்க்காரி, வந்தவர்கள் எல்லாம் அக்காவிடம்தான் பேசுவார்கள். போகட்டும், இளையவள் நான்தானே என்று சின்னவள் மனதைத் தேற்றிக்கொள்வாள். அவளுக்கென்று இருந்த ஒரே சொத்து அந்த ஏழு வயது வித்தியாசம். இப்போது உடம்பு மாதவிலக்கை நிறுத்தி அதையும் பிடுங்கிக்கொண்டு, முதுமையில் அவளை அக்காவுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. நெஞ்சில் பற்றும் சூடு கழுத்து வழியாக முகத்துக்கு ஏறும், ரவிக்கை நனைந்துவிடும், உடனே குளிரும். தூக்கம் கெட்டது. விரல் மூட்டுகள் வலித்தன. பாவம், புருஷன் சாப்பிடும் சத்தம்கூட அவளுக்கு ஆகவில்லை.

அன்று சாயங்காலம் ஒரு திரைச்சீலைக்கு உள்துணியை வெளிப்பக்கமாக வைத்துத் தைத்துவிட்டாள். பெரியவள் அதை வாடிக்கையாளர் முன்னால் விரித்துப் பிடித்து, "என் தங்கச்சிக்கு நினைப்பெல்லாம் வேற எங்கயோ. சின்னப் பொண்ணுல்ல!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சின்னவளும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். மறுநாளே யாருக்கும் சொல்லாமல் டாக்டரம்மாவைப் பார்க்கப் போனாள்.

"சினைப்பை ஓய்வெடுக்குதும்மா. அது சுரக்கற ஈஸ்ட்ரோஜன்ங்கற ஹார்மோன் குறைஞ்சா, உடம்புச் சூட்டைக் கவனிக்கிற மூளைக்குத் தடுமாற்றம். கொஞ்சம் சூடு ஏறினாலே வேர்வையை வரவழைச்சிடும். தூக்கம், மறதி, கோபம் எல்லாமே இதோட சேந்து வர்றதுதான். மருந்து இருக்கு, பாத்துக்கலாம். நாப்பத்தஞ்சுக்கு மேல எப்ப வேணா நிக்கலாம். நீங்க ஒண்ணும் அவசரப்படலை."

"அப்ப எங்க அக்காவுக்கு மட்டும் ஏன் நிக்கலை? அம்பத்திநாலு ஆவுது. மாசத்துல ரெண்டு தரம், மூணு தரம்கூட வருது. கொட்டுது." பள்ளிக்கூடத்தில் கோள் சொல்லும் பிள்ளையின் குரல் தன் வாயிலிருந்து வருவதை அவளே கேட்டாள்.

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். "அது இளமை இல்லம்மா. இந்த வயசுல இப்படிக் கண்டபடி போனா உடனே பாக்கணும். ஒண்ணுமில்லாமலும் இருக்கலாம். பாக்காம சொல்ல முடியாது. கூட்டிட்டு வாங்க."

வெளியே வந்தவளுக்கு உள்ளுக்குள் ஏதோ இதமாக இருந்தது. அக்காவுக்கும் ஒரு குறை. அந்த நினைப்பு எட்டிப் பார்த்ததும் தன்னைக் கண்டே பயந்துபோனாள். ஆனாலும் இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. பெரியவள் கடையில் துணி எடுக்கும் ஏணியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பதைப் பார்த்த பிறகுதான் பேச்சு வந்தது.

"எனக்கு நின்னுபோச்சுக்கா. ஒரு வருஷத்துக்கு மேலாச்சு."

பெரியவளின் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று கிளம்பிப் பாதியில் நின்றது. "எங்கிட்ட சொல்லவே இல்லையேடி."

டாக்டரம்மா சொன்னதைச் சின்னவள் ஒன்று விடாமல் சொன்னாள்.

"எனக்கு இன்னும் வருதுன்னு உனக்கு வயித்தெரிச்சல்" என்றாள் பெரியவள்.

"ஆமா, வயித்தெரிச்சல்தான். பொறந்ததுலருந்தே உம்மேல எனக்கு வயித்தெரிச்சல். அதோடதான் சொல்றேன். செருப்பை மாட்டு, கிளம்பு."

பெரியவள் கத்தரிக்கோலை மேசையில் வைத்தாள். "படுக்கையெல்லாம் நனையுதுடி. எழுந்தா தலை சுத்துது. ஆனா எனக்கு இன்னும் வயசாகலைன்னு உள்ளுக்குள்ள ஒரு பெருமை. அதான் விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினாள்.

டாக்டரம்மா எழுதிக் கொடுத்த ஸ்கேனுக்காக அந்த அறைக்கு வெளியே இருவரும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். பெரியவள் வயிறு முட்டத் தண்ணீர் குடித்திருந்தாள். சின்னவளுக்குத்தான் அந்த நேரம் பார்த்துச் சூடு ஏறியது. பெரியவள் தன் ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்து அவளுக்கு விசிறினாள். "யாருக்கு வைத்தியம் பாக்க வந்தோம்னே தெரியலையே" என்று சிரிக்கப் பார்த்தாள்.

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். பெரியவள் ஃபைலோடு எழுந்து போனாள். கதவு சாத்திக்கொண்டது. அதன் மேலிருந்த சிவப்பு விளக்கு எரிந்தது. அக்கா விசிறிய காற்று நின்றுபோக, வேர்வை கழுத்திலிருந்து முதுகுக்கு இறங்கியது. சின்னவள் அதைத் துடைக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் அக்கா உட்கார்ந்த இடத்தில் கையை ஊன்றி, விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.