ஒன்பது நாள் பிந்திய அனுமதி

பிரிக்பீல்ட்ஸில் இருந்த அந்தத் தனியார் கல்லூரியின் அலுவலக முகப்பில் ஆறு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஐந்தில் பையன்கள் சரிந்து கிடந்தார்கள். ஆறாவதில் ஜெயராஜ் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தான். பன்னிரண்டு வருட ராணுவம். சீருடையை ஒப்படைத்தவனிடம் நிமிர்ந்த முதுகை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. அவன் வெளியே வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

சிக்னல் படையில் வயர்லெஸ் செட்டுகளைப் பழுது பார்த்தவன். சரவாக் காட்டு மழையில், தார்ப்பாய்க்கு அடியில், டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு செத்த செட்டுகளைப் பேச வைத்திருக்கிறான். வெளியில் அதெல்லாம் செல்லாக்காசு. எண்பத்தாறாம் வருஷம் வேலை கிடைப்பதே பெரும்பாடு. விடுப்பில் வந்தபோது ஷா ஆலத்தில் மூன்று தொழிற்சாலைகளில் ஏறி இறங்கினான். மூன்றிலும் டிப்ளோமா இருக்கிறதா என்றே கேட்டார்கள்.

சரி, அதையும் வாங்கிவிடுவோம் என்றுதான் இந்தக் கல்லூரிக்கு விண்ணப்பித்தான். இரண்டு வருட எலக்ட்ரானிக்ஸ் டிப்ளோமா. விலகுகிறவர்கள் படிக்க ராணுவமே முழுக் கட்டணமும் கட்டும். ஒரே நிபந்தனை, பணியின் கடைசி நாளுக்குள் ராணுவத்தின் அனுமதிக் கடிதம் கல்லூரிக்கு வந்து சேர வேண்டும்.

அதற்கான விண்ணப்பப் பாரத்தை ராணுவத் தலைமை அலுவலகத்தில் நேரே கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னாள் மனைவி இந்திரா. கிள்ளானிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். மேருவில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவள். சம்பள உயர்வு கேட்ட கடிதத்தை மேனேஜர் கையிலேயே திணித்துவிட்டு வந்தவள். ஜெயராஜ் சிரித்தான்.

"அப்படித் தாண்டிப் போகக் கூடாது லா. சார்ஜண்ட் கையில கொடுக்கணும், அவரு மேல அனுப்புவாரு. பன்னெண்டு வருஷத்துல என் லெட்டர் ஒண்ணுகூடத் தொலைஞ்சதில்ல."

இதுவும் தொலையவில்லை. சார்ஜண்ட் மேசையில் மூன்று நாள், கம்பெனி அலுவலகத்தில் ஐந்து நாள், அதற்கு மேல் ஒரு வாரம், அதற்கும் மேல் இன்னொரு வாரம். யாரும் சுணங்கவில்லை, அவரவருக்கு உரிய நாளைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

கவுண்டரில் இருந்த புஷ்பவல்லி அன்றைய தபாலைப் பிரித்து, அந்தக் கடிதத்தை வெளியே எடுத்தாள். நான்கு கையெழுத்து, நான்கு முத்திரை. படித்தவள் எங்கோ போன் செய்து வெகுநேரம் பேசினாள்.

"அப்ரூவ் ஆயிடுச்சி அண்ணே. ஆனா நீங்க போன மாசம் முப்பதாம் தேதியே வெளிய வந்துட்டீங்க. இப்ப நீங்க சோல்ஜர் இல்லியாம். காசு கட்ட மாட்டாங்களாம்."

அவனுக்குக் கோபம் வந்தது. கடிதத்தின் மேல்கூட இல்லை, தன் மேல்தான். ஒரு மணி நேர பஸ்ஸுக்குச் சோம்பல்படவில்லை. முறை தவறக் கூடாது என்று இருந்தான். விலகும்போது கையில் கிடைத்த தொகையோ கிள்ளான் வீட்டுக்கு முன்பணமாகப் போய்விட்டது.

எழுந்திருக்கப் போனபோது மாடியிலிருந்து விரிவுரையாளர் சண்முகரத்தினம் வியர்த்து வடிய இறங்கி வந்தார். பயிற்சிக்கூடத்தில் அலைகளைத் திரையில் காட்டும் கருவி இருட்டிக் கிடக்கிறது, பதினொரு மணிக்கு வகுப்பு, பங்சாரிலிருந்து வர வேண்டிய மெக்கானிக் நாளைதான் வருவானாம் என்று புலம்பினார். கடிதத்தில் சிக்னல் படை என்று படித்திருந்த புஷ்பவல்லி ஜெயராஜைக் கைகாட்டினாள்.

"காட்டுங்க சார், பாத்துடலாம்," என்றான் அவன்.

மாடிக்குப் போய் மூடியைக் கழற்றியதுமே தெரிந்துவிட்டது. ஈரம் ஏறி ஈயப் பற்று விட்டிருந்தது. சுரண்டித் துடைத்து, புதிதாகப் பற்ற வைத்தான். இருபது நிமிடத்தில் திரையில் பச்சைக் கோடு துள்ளியது. செய்வதைச் சுத்தமாகச் செய்த திருப்தியில் காலையிலிருந்து நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கியது.

சண்முகரத்தினத்துக்கு அவனை விட மனமில்லை. லேப் டெக்னீஷியன் இடம் காலியாக இருக்கிறது, ஆனால் அதற்கு டிப்ளோமா வேண்டும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். பியூன் சம்பளத்துக்கு என்றால் நாளையே சேர்த்துக்கொள்ளலாம். வேலை என்னவோ இதேதான்.

"வரேன் சார். ஆனா சொல்லிட்டேன், ரெண்டு வருஷம் காசு சேத்து இங்கயே படிப்பேன். நீங்கதான் பாடம் எடுக்கணும்."

அவர் சிரித்துத் தலையாட்டினார். அதற்குள் மணி அடித்து, கீழே சரிந்து கிடந்த பையன்கள் ஏட்டோடு உள்ளே வந்தார்கள்.

"கொஞ்சம் வெளிய நில்லுங்க தம்பி. பேரு பதியாதவங்க வகுப்புல இருக்கக் கூடாது, ரூல்," என்றார் சண்முகரத்தினம்.

ஜெயராஜ் வெளியே வந்தான். கதவு சாத்திக்கொண்டது. அதன் கண்ணாடிச் சதுரத்தில் பச்சைக் கோடு தெரிந்தது. சுற்றிலும் பையன்களின் தலைகள். ஒருவன் குமிழைத் தப்பான பக்கம் திருப்பினான். கோடு கலைந்து ஓடியது. வராந்தாவில் ஜெயராஜின் விரல்கள், பிடிக்க எதுவும் இல்லாமல், சரியான பக்கமாகத் திரும்பின.