இலாரியோ கை தூக்கிய ஆட்டம்

என் கணவர் இலாரியோவை எங்கள் பராவோனா ஊரே ஒரு வருடம் முழுக்கத் திட்டியது. அது எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பேஸ்பால் அணிக்குப் பெயர் கூழைக்கடாக்கள். முப்பத்தொரு வருடமாகக் கோப்பையைக் கண்ணால் பார்க்காத அணி. 'கூழைக்கடாவுக்கு வாய்தான் பெரிசு, வயிறு எப்பவும் காலி' என்று தலைநகரத்துக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். இலாரியோ அந்த அணியின் மூன்றாம் பேஸ் பயிற்சியாளர். மூன்றாம் பேஸை நோக்கி ஒருவன் ஓடி வரும்போது, அவன் அங்கேயே நிற்பதா, மேலே ஓடி ஹோமைத் தொட்டு ரன் எடுப்பதா என்று சொல்ல வேண்டியது அவர்தான். கையைச் சுழற்றினால் ஓடு. இரண்டு கையையும் தூக்கினால் நில். ஓடுகிறவனுக்கு முதுகுக்குப் பின்னால் பந்து எங்கே இருக்கிறது என்று தெரியாது. இவர் கண்தான் அவனுக்குக் கண்.

போன ஜனவரியில் இறுதிப் போட்டியின் ஏழாவது ஆட்டம் தலைநகரில் நடந்தது. கடைசி இன்னிங்ஸில் ஒரு ரன் பின்தங்கியிருந்தோம். எங்கள் கேட்சர் வான்டி இரண்டாம் பேஸில் நின்றான். நல்லவன், ஆனால் வாழைக்காய் மூட்டைக்குக் கால் முளைத்தது போல ஓடுவான். அடுத்தவன் பந்தை அடித்தான். வான்டி மூச்சிரைக்க மூன்றாம் பேஸைத் தொட்டான். இலாரியோ கையைச் சுழற்றினார். வான்டி ஹோமுக்குப் போய்ச் சேர்ந்தபோது பந்து ஏற்கெனவே வந்து அவனுக்காகக் காத்திருந்தது. அவுட். அத்தோடு எல்லாம் முடிந்தது.

மறுநாளே அவருக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்: பச்சை விளக்கு.

மூலைக்கடைக்குப் போனால், "பச்சை விளக்கு வந்தாச்சு, எல்லாரும் ரோட்டைத் தாண்டுங்கப்பா!" என்று டொமினோ ஆடுகிறவர்கள் கத்தினார்கள். மாதா கோவிலில் பூசைக்கு நடுவே ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் ஒருவன் கை கொடுப்பதற்குப் பதில் காற்றாடி போலச் சுழற்றிக் காட்டினான். எங்கள் வாசல் கேட்டில் யாரோ பெரிய பச்சை வட்டம் ஒன்றை வரைந்துவிட்டுப் போனார்கள். இரண்டு நாள் பெயிண்ட் தின்னர் போட்டுத் தேய்த்தும் அது முழுதாகப் போகவில்லை.

நான் வீட்டின் முன்னறையில் பெண்களுக்கு முடி அலங்காரம் செய்யும் கடை வைத்திருக்கிறேன். ஊர்ப்பேச்சு முழுவதும் என் கடை வழியாகத்தான் போகும். எதிர்த்த வீட்டில் மீன் பொரித்து விற்கும் டோன்யா ஃபியோர், பாதித் தலையில் முடி சுருட்டும் ரோலரோடு உட்கார்ந்துகொண்டு ஒருநாள் கேட்டாள்.

"மிலெதிஸ், நல்ல கண் டாக்டர் ஒருத்தர் இருக்கார். உன் புருஷனுக்குச் சொல்லட்டுமா?"

"டோன்யா, உங்க தலை இப்ப என் கையில இருக்கு. அதை மறந்துடாதீங்க."

"கோவிச்சுக்காதடி. அந்தத் தோல்விக்கு அழுத அளவு என் புருஷன் செத்தப்பக் கூட நான் அழலை."

கடை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். உள்ளே போய்த் துணி மடிக்கிற சாக்கில் கொஞ்ச நேரம் நின்றேன்.

முன்பெல்லாம் இலாரியோ இருக்குமிடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்கும். அந்த வருடம் அது நின்றுபோனது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அந்தப் பையன் பந்தை எடுத்த விதத்திலேயே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்பார்.

"எந்தப் பையன்?"

"அவங்க ரைட் ஃபீல்டர். குனிஞ்சு எடுக்கும்போதே தோளைத் திருப்பிட்டான். அப்பவே நிறுத்தியிருக்கணும்."

"கிழவா, சோறு ஆறுது."

செப்டம்பரில் அணி மேலாளர் காசிமிரோ வீட்டுக்கு வந்தார். எங்கள் மகளுக்கு ஞானத்தந்தை அவர். அதனால் இருவரும் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்றுதான் அழைத்துக்கொள்வார்கள்.

"வேலையை விடப் போறதாக் கேள்விப்பட்டேன், கொம்பாத்ரே."

"விட்டுடறேன். உனக்கும் நிம்மதி, ஊருக்கும் நிம்மதி."

"அன்னிக்கு ஆட்டத்துக்கு முன்னாடி, 'யாரையும் நிறுத்தாதே, எல்லாரையும் அனுப்பு'ன்னு சொன்னது யாரு? நான்தானே? உன்னை அனுப்பிட்டா அப்புறம் நானும் மூட்டை கட்டணும். இந்த வயசுல எனக்கு யாரு வேலை கொடுப்பா? பேசாம வா."

காசிமிரோ காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார். இலாரியோ அந்த வேலைக்குத் திரும்பாமல் இருந்திருந்தால் நான் மாதா கோவிலில் நன்றி சொல்லி மெழுகுவத்தி ஏற்றியிருப்பேன். ஆனால் அக்டோபரில் சீருடையைத் தேய்த்துக் கொடு என்று வந்து நின்றார்.

அந்தப் பருவம் தொடங்கிய லட்சணத்தைப் பார்த்திருந்தால், அதில் கோப்பை வரும் என்று எந்தக் குறிசொல்கிறவளும் சொல்லியிருக்க மாட்டாள். முதல் பதினொரு ஆட்டத்தில் எட்டு தோல்வி. அதைவிட மோசம், இலாரியோ எல்லாரையும் நிறுத்தத் தொடங்கினார். யோர்தானி என்று இருபத்திரண்டு வயது ஆட்டக்காரன் ஒருவன், எங்கள் அணியிலேயே வேகமானவன். பந்து வேலி ஓரம் உருண்டுகொண்டிருக்கும்போதே அவனையும் இவர் மூன்றாம் பேஸில் நிறுத்தினார். அன்று மைதானம் திட்டவில்லை, சிரித்தது. திட்டியிருந்தால் தேவலை.

"பச்சையிலேருந்து சிவப்புக்குப் பதவி உயர்வு" என்றாள் டோன்யா ஃபியோர்.

மறுநாள் யோர்தானி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். தொப்பியைக் கையில் பிடித்திருந்தான். ஆனால் பேச்சில் பணிவில்லை.

"ஐயா, என்னை ஓடறதுக்குத்தான் இந்த டீம்ல எடுத்தாங்க. நிக்கிறதுக்குக் கம்பம் போதும்."

"நான் நிறுத்தினா நீ நிக்கணும்."

"உங்களுக்குப் பயம் ஐயா. உங்க பயத்தை என் கால்ல கட்டாதீங்க."

நான் உள்ளேயிருந்து துடைப்பத்தோடு வந்தேன். இலாரியோ என்னைத் தடுத்தார். "அவன் சொல்றது பொய்யில்லை" என்றார், அவன் காதில் விழும்படியே.

அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாக அவர் கை மறுபடி சுழலத் தொடங்கியது. டிசம்பரில் எங்கள் பந்துவீச்சாளர்களுக்கும் உயிர் வந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் தொடங்கி ஒன்பது ஆட்டம் வரிசையாக வென்றோம். வான்டி கூட ஒரு நாள் பந்தை வேலிக்கு அப்பால் அடித்துவிட்டு, ஓட வேண்டிய அவசியமே இல்லாமல் மெல்ல நடந்து வந்தான். அரையிறுதிச் சுற்றின் கடைசி நாளில் புள்ளிப் பட்டியலில் எங்களுக்கு மேலே இருந்த அணி மழையில் தோற்றுப் போனது. இறுதிப் போட்டிக்குள் வந்துவிட்டோம். எதிரி மறுபடி தலைநகர் அணிதான். ஆளுக்கு மூன்று ஆட்டம் வென்றாகிவிட்டது. ஏழாவது ஆட்டம் எங்கள் ஊரில், ஞாயிறு மாலை நாலு மணிக்கு.

ஒரு வருடமாக நான் மைதானத்துக்குப் போகவில்லை. அன்றும் போவதாக இல்லை. டோன்யா ஃபியோர் வந்து கையைப் பிடித்து இழுத்தாள்.

"கெளம்புடி. ஜெயிச்சா சேர்ந்து ஆடலாம். தோத்தா உன் புருஷனை அடிக்க வர்றவங்களை நான் பார்த்துக்கறேன்."

"நீங்களே முதல் ஆளா வந்து அடிப்பீங்களே!"

"அதான், மத்தவங்களுக்கு இடம் விட மாட்டேன்."

மூன்றாம் பேஸ் பக்கமே எங்களுக்கு இடம் கிடைத்தது. இலாரியோவின் முதுகு தெரிந்தது. சட்டை அப்போதே வியர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது. ஆட்டம் நாலுக்கு நாலு என்று கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ் வரை வந்தது. அடிப்பது எங்கள் முறை. இரண்டு பேர் அவுட். இரண்டாம் பேஸில் யோர்தானி.

பேட்டர் அடித்த பந்து இடது பக்கம் தரையில் துள்ளி ஓடியது. அவர்கள் லெஃப்ட் ஃபீல்டர் முன்னால் பாய்ந்து வந்து ஒரே அள்ளாக அள்ளினான். அவன் கை துப்பாக்கி என்று ஊருக்கே தெரியும். யோர்தானி தலைக்கவசம் பறக்க வந்துகொண்டிருந்தான். மைதானம் முழுக்க, "ஓடு! ஓடு!" என்று கத்தியது. நான் இலாரியோவின் கையை மட்டும் பார்த்தேன்.

இரண்டு கையும் மேலே போயின. நில்.

'ஐயோ, இவன் ஓடியிருந்தால் ஜெயித்திருப்போம் என்று இனிச் சாகும்வரை சொல்வார்களே' என்றுதான் நினைத்தேன்.

யோர்தானி நிற்கவில்லை. அவரை உரசிக்கொண்டு போனான். அவன் ஹோமுக்கு இன்னும் நாலு எட்டு இருக்கும்போதே பந்து வந்துவிட்டது. அவுட்தான். சந்தேகமே இல்லை. ஹோமில் காத்து நின்ற அவர்கள் கேட்சரின் கையுறையில் பந்து விழுந்த சத்தம் எங்கள் வரை கேட்டது. யோர்தானி தலை முன்னால் போகச் சறுக்கினான். புழுதி எழுந்தது. புழுதிக்குள்ளிருந்து பந்து மட்டும் தனியாக உருண்டு வெளியே வந்தது.

நடுவர் இரண்டு கைகளையும் அகல விரித்தார்: அவுட் இல்லை. ரன், ஆட்டம், கோப்பை, மூன்றும் எங்களுக்கு.

அதன்பிறகு யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. டோன்யா ஃபியோர் என் தலையில் முத்தமிட்டுக்கொண்டே அழுதாள். நான் இலாரியோவைத் தேடினேன். நின்ற இடத்திலேயே நின்றார். கை இரண்டும் இன்னும் மேலே இருந்தன. இறக்க மறந்துவிட்டார்.

"பாருடி உன் புருஷனை!" என்று டோன்யா கூவினாள். "எல்லாருக்கும் முன்னாடி கொண்டாட ஆரம்பிச்சுட்டான்!"

ஊர் முழுக்க அப்படித்தான் நினைத்தது. பெயர் சொல்லிக் கூவினார்கள். பச்சை விளக்கு என்று இல்லை, இலாரியோ, இலாரியோ என்று. வானொலிக்காரர் ஒலிவாங்கியோடு அவரிடம் ஓடினார். பேச்சு மைதானத்து ஒலிபெருக்கியிலும் கேட்டது.

"போன வருஷம் அப்படி நடந்தும், இந்த வருஷம் அதே இடத்துல அதே தைரியம்! எப்படிங்க அனுப்பினீங்க?"

'ஆமாம் என்று சொல்லிவிடு கிழவா' என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். ஒரே ஒரு ஆமாம். யாருக்கு என்ன நஷ்டம்?

இலாரியோ கையை இறக்கினார்.

"நான் அனுப்பலை" என்றார். "நில்லுன்னுதான் சொன்னேன். கையைத் தூக்கினது அதுக்குத்தான்."

ஒலிபெருக்கி கரகரத்தது.

"அப்போ அவன் ஏன் ஓடினான்?"

"அதை அவன்கிட்ட கேளுங்க."

யோர்தானி முகம் முழுக்க மண்ணோடு வந்து நின்றான். "பார்த்தேங்க. ஐயா நிறுத்தினார். நானும் நிக்கணும்னுதான் நினைச்சேன், என் தாய் சத்தியமா. கால் கேக்கலை." பிறகு இலாரியோவைப் பார்த்துச் சொன்னான், "நீங்க சொன்னதுதான் சரி ஐயா. அந்த ஆள் பந்தை விடலைன்னா நான் செத்தேன்."

முதலில் சிரித்தது இலாரியோ. வயிற்றிலிருந்து கிளம்பி வந்த அந்தச் சிரிப்பு ஒலிபெருக்கியில் ஊர் முழுக்கக் கேட்டது. சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார். யோர்தானியும் பக்கத்தில் உட்கார்ந்தான். அதைப் பார்த்து மைதானமே சிரித்தது. காசிமிரோ ஓடிவந்து இருவர் தலையிலும் குளிர்ந்த தண்ணீரைக் கவிழ்த்தார். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு வருடமாக என்னை அழுத்திக்கொண்டிருந்தது எதுவோ, எப்போது இறங்கிப் போனது என்று தெரியாமலே போய்விட்டிருந்தது.

வேலியோரம் வந்தபோது அவர் என்னிடம் கேட்டது இதுதான்: "நீ எப்ப வந்தே?"

"முதல்லேருந்தே இருக்கேன்."

"நான் நிறுத்தினதைப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"சரியாத்தானே நிறுத்தினேன்?"

"ரொம்பச் சரி. நல்லவேளை, அவன் கேக்கலை."

மறுநாள் பத்து மணிக்கு வெற்றி ஊர்வலம். ஆறு மணியிலிருந்தே என் கடையில் உட்கார இடமில்லை. ஊர்ப்பெண்கள் அத்தனை பேருக்கும் அன்றைக்குச் சுருட்டை முடி வேண்டியிருந்தது. இலாரியோ தொட்டியிலிருந்து தண்ணீர் சுமந்து கொடுத்தார். ஏழெட்டு வாளி ஆனதும், முடி உலர்த்தும் இயந்திரத்துக்குக் கீழே அப்போதுதான் காலியான நாற்காலியில் சாய்ந்தார். அடுத்த நிமிடம் வாய் திறந்து தூங்கிப்போனார். பெண்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். ஒருத்தி வாசல் திரையை இழுத்து வெயிலை மறைத்தாள்.

பத்தரைக்குத் தீயணைப்பு வண்டி எங்கள் தெருவுக்குள் வந்தது. மேலே கோப்பை, சுற்றிலும் ஆட்டக்காரர்கள், சைரன். யோர்தானி குதித்திறங்கி வாசலுக்கு ஓடிவந்தான். டோன்யா ஃபியோர் தலை நிறைய ரோலரோடு எழுந்து போய் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"மெதுவாப் பேசு. இப்பத்தான் கண் அசந்தான்."

"ஊர்வலம் டோன்யா! ஐயா இல்லாம எப்படி?"

"ஊரை ஒரு சுத்து சுத்திட்டு வாங்க. ஊர்வலம் எங்கே ஓடிடப் போகுது?"

யோர்தானி திரைக்குள் எட்டிப் பார்த்தான். சிரித்துவிட்டு வண்டியோட்டியிடம் போய் ஏதோ சொன்னான். வண்டி சைரனை நிறுத்திக்கொண்டு மெதுவாக எங்கள் தெருவைத் தாண்டிப் போனது. நான் அடுத்த தலைக்கு ரோலர் சுற்ற ஆரம்பித்தேன்.