இரண்டாவது துளை

குமிழுக்கு அடியில் வேலை செய்யும் கொன்ட்ரோல் ஒன்றுகூடக் கையில் இல்லாத நேரத்தில் செல்லசாமி கிட்டார் பலகையில் இரண்டு துளை போட்டுவிட்டான். அவன் புத்தி எப்போதும் அப்படித்தான். அரிசி வாங்குவதற்கு முன்னாலேயே உலையை வைத்துவிடுவான். ஒரு துளை சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்கு, மற்றது குரலைக் கனமாக்கி மெலிதாக்கும் குமிழுக்கு. கொழும்பில் விற்கும் பேஸ் கிட்டார்களில் குறைந்தது இரண்டு குமிழ் இருக்கும் என்று படத்தில் பார்த்திருந்தான். அதில் ஒன்று குறைந்தாலும் தன்னுடையதைத் தோட்டத்தான் செய்த சாமான் என்று சொல்லிவிடுவார்களே என்ற பயம் அவனுக்கு.

மஸ்கெலியாவுக்கு மேலே, பஸ் நின்றுபோகும் இடத்திலிருந்து இன்னும் ஏறவேண்டிய ஒரு தோட்டம் அது. அங்கே ஸ்டோர் என்கிற தேயிலை பாக்டரியில் எஞ்சின் ரூம் வேலை செல்லசாமிக்கு. ஒற்றையறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டிநிற்கும் லயத்தில் பிறந்து லயத்தில் வளர்ந்தவன். அந்த லயத்தை விட்டுப் போவதற்கு அவனுக்கு முதல்தடவையாக ஒரு வழி திறந்திருந்தது. ஹட்டன் துணிக்கடைக்காரர் மகன் ரிஸ்வி ஒரு பாண்ட் நடத்தினான். பேஸ் வாசித்தவன் திடீரென்று விலகிவிட்டதால் செல்லசாமியைக் கூப்பிட்டிருந்தான். சனிக்கிழமை கிளப்பில் டான்ஸ். அதில் நன்றாக வாசித்தால் திங்கட்கிழமை அவர்களோடு கொழும்புக்குப் போகலாம், அங்கே ஒரு ஹோட்டலில் நிரந்தர வேலை.

கழுத்தும் கம்பியும் காந்தச் சுருளும் ரிஸ்வி வாங்கிக் கொடுத்தவை. உடம்பை சப்பு மரப் பலகையில் செல்லசாமியே அறுத்து இழைத்துக்கொண்டான். கொன்ட்ரோல் இல்லாமல் நேரே இணைத்து ஒத்திகைக்குக் கொண்டுபோனபோது அந்தக் கிட்டார் போட்ட கூச்சலில் பாட்டுக்காரன் வாயசைப்பது மட்டும்தான் தெரிந்தது. சத்தத்தை அடக்க ஒரு வழி பண்ணாமல் மேடைப்பக்கம் வராதே மச்சான் என்று ரிஸ்வி சொல்லி அனுப்பிவிட்டான்.

ஹட்டனில் ரேடியோ ரிப்பேர் செய்யும் நூர்தீன் நானாவின் கடையில் ஒரு மேசை லாச்சி நிறையக் கொன்ட்ரோல்கள் கிடந்தன. செல்லசாமி ஒன்றை எடுத்துப் பொருத்திப் பார்த்தான். கிட்டாரின் சத்தம் கம்பளிக்குள் புகுந்ததுபோல் அமுங்கிப்போனது. நானா சிரித்தார். இதற்குள்ளே பாட்டரியா இருக்கிறது, கம்பி அசைவதில் பிறக்கிற துளி மின்சாரம்தானே, டிரான்சிஸ்டர் ரேடியோவின் கொன்ட்ரோல் அந்தத் துளியையும் குடித்துவிடும் என்றார். பழைய வால்வ் ரேடியோவில் வருவதுதான் இதற்குச் சரி, அது ஒரு சொட்டும் வீணாக்காமல் விடும். லாச்சியைக் கவிழ்த்துக் கொட்டித் தேடியதில் அந்த ஜாதியில் ஒன்றே ஒன்று அகப்பட்டது. இன்னொன்று கொழும்பிலிருந்து வரவேண்டும், ஒரு வாரமாவது ஆகும்.

"ஒண்ணு போதும் தம்பி. சத்தத்துக்கு வச்சிக்க. மத்தத பெறகு பாக்கலாம்" என்றார் நானா.

நல்ல யோசனைதான். ஆனால் பஸ்ஸில் வரும்போதெல்லாம் அந்த இரண்டாவது துளை தோண்டியெடுத்த கண்ணைப்போல அவனையே பார்த்துக்கொண்டு வந்தது.

வால்வ் ரேடியோ ஒன்று அவன் காம்பராவிலேயே இருந்தது, அதுதான் வினை. அது மேல் டிவிசன் ஆட்கள் எல்லாரும் சேர்ந்து வாங்கிய ரேடியோ. கார் பாட்டரியில் ஓடும். பாட்டரிக்கு ஸ்டோரில் சார்ஜ் ஏற்றித் தருவது செல்லசாமி, சாயந்தரம் மடுவத்தில் வைத்துப் போடுவது அதே லயத்து மூக்கன். கொழுந்து நிறுக்கும் அந்தக் கொட்டகையில் ஆட்கள் கூடி உட்கார, மூக்கன் தோளில் கிடக்கும் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு அதன் தந்தநிறக் குமிழைத் திருப்புவான். டக்கென்று ஒரு சத்தம். சுவிட்சும் அந்தக் கொன்ட்ரோலின் முதுகிலேயே இருந்தது. பிறகு செய்தி, பாட்டு. முடிந்ததும் மறுபடி டக். வேறு யாரும் அதில் கைவைப்பதை மூக்கன் விரும்பமாட்டான்.

குமிழைத் திருப்பினால் கரகரவென்கிறது, துடைத்துக் கொடு என்று மூக்கன்தான் ரேடியோவைக் கொண்டுவந்து வைத்திருந்தான். செல்லசாமி துடைத்தான். கரகரப்பு போய்விட்டது. அந்தக் கொன்ட்ரோல் நானா சொன்ன ஜாதிதான் என்பதும் கண்ணில் பட்டது. ஒரு வாரம், கொழும்பிலிருந்து புதிது வந்ததும் போட்டுவிடலாம், யாருக்கு என்ன நஷ்டம் என்று தன்னையே தேற்றிக்கொண்டு கொன்ட்ரோலின் மூன்று கால்களிலும் ஈயத்தை உருக்கிக் கழற்றியெடுத்தான்.

வேலையில் அவன் சூரன், அதைச் சொல்லத்தான் வேண்டும். காந்தச் சுருளின் கம்பியை ஓரக் காலில் வைத்தான், வெளியே போகிற கம்பியை நடுக் காலில் வைத்தான், மூன்றாவது காலை எர்த்தில் சேர்த்தான். நானா தந்ததை ஒரு கன்டென்சரோடு சேர்த்துக் குரலின் கனத்துக்கு வைத்தான். ஒரே ஒரு சங்கடம். ரேடியோப் பெட்டியின் தடித்த பலகையைத் தாண்டி வருவதற்காக அந்தக் கொன்ட்ரோலின் தண்டு நீளமாக இருந்தது. கிட்டாரில் அது கொக்குக் கழுத்தாக நீட்டிக்கொண்டு நின்றது. செல்லசாமி ரம்பத்தை எடுத்துத் தண்டை அறுத்துவிட்டான். அறுத்த துண்டு தரையில் விழுந்தபோதுதான், இனி இது பழைய இடத்துக்குச் சரியாகப் போய் உட்காராது என்பது உறைத்தது. அதற்கென்ன, ரேடியோவுக்குப் புதியது போடத்தானே போகிறோம் என்று அதையும் தள்ளிவிட்டான். தந்தநிறக் குமிழை மேலே மாட்டினான். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

இது நடந்தது வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை சாயந்தரம் லயமே அவன் வாசலில் வந்து நின்றது.

டில்லியில் இரண்டு நாட்டுப் பெரியவர்களும் பேசி முடித்துவிட்டார்களாம். இலங்கையில் யார் இருப்பது, இந்தியாவுக்கு யார் போவது என்று முடிவாகிவிட்டதாம். பிரஜாவுரிமைக்கு எழுதிப்போட்டு மறுக்கப்பட்டவர்கள்தான் அந்த லயத்தில் பாதிப்பேர். தீபாவளி கிட்ட வந்துகொண்டிருந்த நேரம், பலகாரத்துக்கு மாவு இடிக்கவேண்டிய பெண்கள் உலக்கையைச் சாத்திவைத்துவிட்டு வந்து நின்றார்கள். மூக்கன் முன்னால் வந்தான்.

"தம்பி, ரேடியோ ஆயிருச்சா? இன்னைக்கிச் செய்தி கேக்கணும்."

இந்த இடத்தில்தான் செல்லசாமி மேல் கோபம் வருகிறது. கொன்ட்ரோலை எடுத்தான், தண்டை அறுத்தான், அதெல்லாம் ஆசையில் செய்தது என்று விட்டுவிடலாம். இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ரேடியோவின் பின்பலகையைத் திறந்துபோட்டு, அந்தக் குட்டைத் தண்டோடேயே ஈயம் வைத்து, கையை உள்ளே விட்டுத் திருப்பினால் ரேடியோ பேசும். ஆனால் அறுத்த தண்டை எல்லாரும் பார்ப்பார்கள். குமிழ் எங்கே என்று கேட்பார்கள். கிட்டார் கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

"வால்வு போயிருச்சுண்ணே. கொழும்புலருந்துதான் வரணும்" என்றான்.

யாரும் சந்தேகப்படவில்லை. அவன் வாயிலிருந்து வந்த ரேடியோ விஷயத்தை அவர்கள் அதுவரை சந்தேகப்பட்டதே இல்லை.  மூக்கன், சரி, நீ என்ன செய்வ தம்பி என்று செல்லசாமிக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனான். 

சனிக்கிழமை விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்து ஹட்டனுக்குப் போய்விட்டான். சாயந்தரம் டான்ஸ் தொடங்கியது. கிட்டார் சொன்னபடி கேட்டது. பாட்டுக்காரனுக்கு இடம் விட்டு அடங்கியது, வேண்டிய இடத்தில் நெஞ்சுக்கூட்டைத் தொட்டது. ரிஸ்வி வாசித்தபடியே அவனைப் பார்த்துத் தலையாட்டினான். ஆனால் ஒவ்வொரு பாட்டு முடிந்து சத்தத்தை முழுக்கக் குறைக்கும்போதும் விரலுக்கடியில் டக்கென்றது. மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது. செல்லசாமிக்கு ஒவ்வொரு தடவையும் மடுவமும், அங்கே ரேடியோ இல்லாமல் உட்கார்ந்திருக்கும் ஆட்களும் கண்முன் வந்தார்கள்.

இடைவேளையில், அம்ப்ளிஃபையரைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த நூர்தீன் நானாவிடம் டில்லிச் செய்தியைக் கேட்டான். ஐந்து லட்சத்துக்கு மேல் இந்தியாவுக்குப் போகணுமாம், மூன்று லட்சம் பேருக்கு இங்கே உரிமையாம், மிச்சப்பேரைப் பற்றிப் பிறகு பேசுவார்களாம் என்றார் அவர். உடனேயா நானா என்று கேட்டான். இல்லை, பதினைந்து வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாக என்றார். இருந்தாலும் ஆட்டுமந்தையைப் பிரிக்கிற மாதிரிப் பிரிக்கிறார்களே தம்பி என்று வருத்தப்பட்டார்.

டான்ஸ் முடிந்ததும் திங்கட்கிழமை காலை ரெயிலுக்கு ஸ்டேஷனுக்கு வந்துவிடு என்று ரிஸ்வி தோளில் தட்டினான். எத்தனை நாள் காத்திருந்த வார்த்தை. அதற்குச் சந்தோஷப்படவேண்டும் என்பது நினைவில் இருந்தது, சந்தோஷந்தான் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மலையேறி வந்தபோது லயத்துக்கு இந்தப்பக்கமே கன்றுக்குட்டி கத்துவது கேட்டது. மூக்கனின் தொழுவத்தில் கன்று மட்டும் நின்றது. மூக்கனின் பெண்சாதி நாகலெட்சுமி அதன் முன்னால் குந்தியிருந்தாள். அவள்தான் நடந்ததைச் சொன்னாள். சனிக்கிழமை காலையில் மாட்டு வியாபாரி வந்திருக்கிறான். தீபாவளி கழிந்ததும் ஆட்களைக் கப்பலேற்றப் போகிறார்கள், மாட்டைக் கப்பலில் ஏற்றமாட்டார்கள், அப்போது சும்மாதான் விட்டுப்போவீர்கள் என்று சொல்லியிருக்கிறான். ரேடியோவில் அப்படித்தான் சொன்னதாம் என்றும் சொல்லியிருக்கிறான். இல்லை என்று சொல்ல யாரிடமும் ரேடியோ இல்லை. பால் வற்றாத பசுவை, அவன் சொன்னதுதான் விலை என்று மூக்கன் அவிழ்த்துக் கொடுத்துவிட்டான். கன்றை வேண்டாமென்று வியாபாரி விட்டுப் போய்விட்டான்.

செல்லசாமி நேரே காம்பராவுக்குப் போனான். கிட்டாரின் பின்தகட்டைக் கழற்றினான்.  கொன்ட்ரோலை எடுத்து ரேடியோவுக்குள் ஈயம் வைத்து, பின்பலகையை மூடாமல் அப்படியே மடுவத்துக்குத் தூக்கிக்கொண்டு போனான். செய்தி நேரத்துக்கு ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். மூக்கனும் வந்தான். பழக்கத்தில் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு முன்பக்கம் கையை நீட்டினான். குமிழ் இருந்த இடத்தில் வெறும் ஓட்டைதான் இருந்தது.

"பின்னால கைய விட்டுத் திருப்புங்கண்ணே" என்றான் செல்லசாமி. தந்தநிறக் குமிழை அவன் உள்ளங்கையில் வைத்தான். "வால்வு போகல. இத நான் எடுத்துக் கிட்டாருக்குப் போட்டேன். தண்ட அறுத்துட்டேன். இனி இது அதுல நிக்காது."

மூக்கன் குமிழைப் பார்த்தான், அவனைப் பார்த்தான். பிறகு பெட்டிக்குப் பின்னால் கையை விட்டுத் தடவி, குட்டைத் தண்டைப் பிடித்துத் திருப்பினான். டக். வால்வு சூடாகிக் குரல் வர இரண்டு நிமிஷம் ஆனது. டில்லி ஒப்பந்தத்தைப் பற்றித்தான் சொன்னார்கள். பதினைந்து வருஷ காலத்தில், படிப்படியாக என்றது ரேடியோ.  மேலே தொழுவத்தில் கன்று கத்திக்கொண்டிருந்தது.

செய்தி முடிந்தது. மூக்கன் கையை எடுக்காமல் கேட்டான்.

"வெள்ளிக்கெழமையும் இப்புடிக் கைய விட்டுத் திருப்பியிருந்தா பேசியிருக்குமா?"

"பேசியிருக்கும்ணே."

திட்டுவான், அடிப்பான் என்று செல்லசாமி நின்றான். அடித்திருந்தால் தேவலை. மூக்கன் ரேடியோவை நிறுத்தினான். குமிழைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தான்.

பின்பலகையையாவது சரியாக மாட்டித் தருகிறேன் என்று செல்லசாமி திருப்புளியை எடுத்தான்.

"நீ தொடாத தம்பி. நாங்க இப்புடியே தெறந்து வச்சிக் கேட்டுக்கிறோம்" என்றான் மூக்கன். பாட்டரியைச் சார்ஜ் ஏற்ற அவனிடம் கொடுக்காமல், தானே தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு, கத்திக்கொண்டிருந்த கன்றிடம் போனான்.