நான்கிலிருந்து ஏழு வரை

மகளின் பிறந்தநாளுக்குச் சுவரில் ஒட்டியிருந்த 16 என்ற எண்ணில், ஒன்று எளிதாகக் கழன்றுவிட்டது. ஆறுதான் வர மாட்டேன் என்றது. வெள்ளித் தாளில் வெட்டிய பெரிய ஆறு. பின்னால் ஒட்டிய நாடா சுவர்ப் பூச்சையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது. அவள் நாற்காலி மேல் ஏறி நின்று நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். கீழே, கூடத்தின் நடுவில், கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் கணவர் படுத்திருந்தார். எட்டு மணிக்குள் ஆட்கள் வரத் தொடங்கிவிடுவார்கள், அதற்குள் பலூன், தோரணம் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும் என்று கணவரின் அக்காவான அண்ணி சொல்லியிருந்தார்.

"அதை விட்டுடும்மா. யாரும் பாக்க மாட்டாங்க" என்று கடைசியில் அண்ணியே வந்து அவளைக் கீழே இறக்கினார்.

பார்க்காமல் யார் இருந்தார்கள்? வந்தவர்கள் முதலில் பெட்டியைப் பார்த்தார்கள், அப்புறம் ஆறைப் பார்த்தார்கள், அப்புறம் ஓரமாக உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தார்கள். பிறகு பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த அவளிடம் வந்து எப்படி ஆயிற்று என்று கேட்டார்கள். எல்லாருக்கும் அவள் ஒரே பதிலைச் சொன்னாள்.

"நாலு மணிக்கு நாற்காலியில உக்காந்தார். கேக் வெட்டறதுக்கு முன்னாடியே கண்ணசந்துட்டார். அப்புறம் எழுந்திருக்கவே இல்ல."

இதில் நாலு மணிக்கு உட்கார்ந்தது மட்டும்தான் உண்மை.

இந்தப் பிறந்தநாளுக்கு ஒரு மாதமாகத் திட்டம் நடந்தது. அதற்கு முந்தைய வருஷங்களில் திட்டம் என்று தனியாக ஒன்று கிடையாது, அவர்தான் திட்டம். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் வேலை. ஊரே அவரை மாஸ்டர் என்றது. கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்குப் பதினெட்டு வயதானாலும் அறுபதானாலும் அவர் சார், மேடம் என்றுதான் கூப்பிடுவார். வீட்டில் மகளும் மேடம்தான். பிறந்தநாள் வந்தால் கூம்புத் தொப்பி போட்டுக்கொண்டு, வந்த பிள்ளைகளை நாற்காலிகளில் இரண்டு வரிசையாக உட்காரவைத்து, சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொண்டு பஸ் ஓட்டுவார். வளைவு வந்தால் எல்லாரும் சாய வேண்டும், பள்ளம் வந்தால் எல்லாரும் எம்ப வேண்டும். ஆறு வயதில் அது அமர்க்களமாக இருந்தது. போன வருஷம் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு முன்னாலும் அவர் தட்டை எடுத்துவிட்டார். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. மறுநாளிலிருந்து மகள் பள்ளி வராந்தாவில் நடந்தால் பின்னால் யாராவது டுர்ர் என்று வண்டியைக் கிளப்பினார்கள். மூன்று மாதம் அவள் அப்பாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதனால் இந்தத் தடவை திட்டத்தை மகளே போட்டாள். கோடு போட்ட தாளில், எண் போட்டு. தொப்பி கூடாது. அப்பா பாட்டுத் தேர்ந்தெடுக்கக் கூடாது. வருகிறவர்களிடம் லைசென்ஸ் எப்போது எடுக்கப் போகிறாய் என்று கேட்கக் கூடாது. கடைசியாக, இரண்டு அடிக்கோடு போட்டு: நான்கிலிருந்து ஏழு வரை அம்மாவும் அப்பாவும் பின்னறையில், கதவு சாத்தி. அவர் பேரம் பேசிப் பார்த்தார். கேக் வெட்டும்போது மட்டும் வந்து கை தட்டிவிட்டுப் போய்விடுகிறேன் என்றார். முடியாது. வாசலில் நின்று ஒரு ஹலோ. முடியாது. மகள் "அப்பா, ப்ளீஸ்பா" என்றாள். அந்தக் குரலைக் கேட்டதும் அவர் பேரத்தை நிறுத்திக்கொண்டு, பேனாவை வாங்கித் தாளின் அடியில் கையெழுத்துப் போட்டார்.

நேற்று நாலு மணிக்கு இருவரும் உள்ளே போனார்கள். அவருக்கு ஜன்னலோர நாற்காலி, அவளுக்குக் கட்டில், கட்டில் மேல் ஒரு வாரத் துணி. கதவுக்கு அந்தப் பக்கம் பாட்டு அதிர்ந்தது. ஐந்தேகாலுக்கு அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு, என்னவோ அடைக்கிற மாதிரி இருக்கிறது என்றார். மத்தியானம் சாப்பிட்ட வேகத்துக்கு அடைக்காமல் என்ன செய்யும் என்றாள் அவள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கேட்டார். உள்ளே கொண்டுவந்த பாட்டில் காலியாகியிருந்தது. சமையலறைக்குக் கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். "பொறுங்க, இன்னும் கொஞ்ச நேரம்தானே" என்றாள். இதை அவள்தான் சொன்னாள். அவர் பொறுத்தார். ஐந்தே முக்காலுக்கு, வேர்த்துப்போய், எழுந்து கதவை நாலு விரல் அகலம் திறந்து நின்றார். உடனே மூடிவிட்டுத் திரும்பினார். மகள் பார்த்துவிட்டாள் என்றும், போகச் சொல்லிக் கை காட்டிவிட்டாள் என்றும் அவரே வந்து சொன்னார். குளியலறைக் குழாயில் இரண்டு வாய் பிடித்துக் குடித்தார். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் ஏழு மணி வரை துணி மடித்தாள். அவர் தூங்குகிறார் என்று நினைத்து அலமாரியைக்கூடச் சத்தமில்லாமல் சாத்தினாள். அதை இப்போது நினைத்தாலும் அவளுக்குத் தன் கைகளையே பார்க்கப் பிடிக்கவில்லை.

மாடி வீட்டு டாக்டர் வந்து பார்த்து, உயிர் போய்விட்டது என்று சொல்லிவிட்டுப் போனதும், புது உடுப்போடு நின்றிருந்த மகள் கேட்ட முதல் கேள்வி, "அப்பா என்னைக் கூப்பிட்டாராம்மா?" என்பது. யோசிக்காமலே பொய் வாயில் தயாராக வந்து நின்றது. எழுந்திருக்கவே இல்லை என்றாள். மகள் சற்று நேரம் அவளையே பார்த்தாள், பிறகு தலையாட்டினாள். அத்தனை ஆட்டம் பாட்டத்துக்கு நடுவில் ஒரு நொடி கையசைத்தது எந்தப் பிள்ளைக்கு நினைவிருக்கப் போகிறது என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஒரு பொய்தான், அதுவும் பிள்ளைக்காக.

காலை முழுவதும் அவரிடம் கற்றுக்கொண்டவர்கள் வந்தபடி இருந்தார்கள். தெருவில் எல்லா வண்டிகளும் ஓரம் கட்டி, சொல்லிவைத்தாற்போல் ஒரே இடைவெளியில் நின்றன. பாதி கற்றுக்கொண்டிருந்த ஒரு வங்கி எழுத்தர் அம்மாள், அடுத்த செவ்வாய்க்கிழமை தனக்குத் தேர்வு என்றும், பக்கத்தில் மாஸ்டர் இல்லாமல் கிளட்சை மிதிக்கவே கால் வராது என்றும் சொல்லி அழுதார். அழுதுகொண்டிருந்த இரண்டு பேர் அதற்குச் சிரித்துவிட்டார்கள். பன்னிரண்டு மணிக்கு அவரை எடுத்துக்கொண்டு போனார்கள். மகள் கடைசி வரை கூடப் போய்வந்தாள், ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

திரும்பி வந்து முகம் கழுவியதும் அண்ணி அவளைக் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனார். அழுது வீங்கிய முகத்தில் என்னவோ ஒரு தெளிவு தெரிந்தது.

"உன் பொண்ணு சொன்னா. நேத்து அஞ்சே முக்காலுக்கு அவனைப் பாத்திருக்கா. பின்ரூம் கதவைத் திறந்துட்டு நின்னானாம். இவளையே பாத்தானாம்."

அவள் கழுவாமல் கிடந்த தம்ளர்களை ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

"நீதானே சொல்ற, அவன் எழுந்திருக்கவே இல்லன்னு. அப்ப நின்னது யாரு?" அண்ணியின் குரல் தழுதழுத்தது. "போறதுக்கு முன்னாடி பிள்ளைய ஒரு தடவை பாத்துட்டுப் போயிருக்கான். எனக்கு இது போதும்மா."

அண்ணி தனக்குள் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. கீழ்வீட்டு அம்மாவுக்குச் சொல்லியாகிவிட்டது. அந்த அம்மாவுக்கும் அதே நேரத்தில் மாடிப்படியில் சில்லென்று ஒரு காற்று பட்டதாம். பிளாஸ்டிக் நாற்காலிகளைத் திருப்பி எடுக்க வந்தவர், நேற்று சாயங்காலம் இந்தத் தெருவைத் தாண்டும்போது தன் வண்டி தானாக ஒரு முறை ஹாரன் அடித்தது என்றார். அவளுடைய பொய்க்குக் கை கால் முளைத்து வீடெல்லாம் நடமாடிக்கொண்டிருந்தது. போகிற இடத்தில் எல்லாம் ஆறுதல் வேறு சொல்லிக்கொண்டிருந்தது.

இருந்துவிட்டுப் போகட்டுமே என்றுதான் அவளுக்கும் தோன்றியது. மகள் கை காட்டியது ஓர் ஆவிக்கு என்றால், அதில் யார்மேல் என்ன குற்றம்? பொறுங்க என்று அவள் சொன்னதும் யாருக்கும் தெரியாமலே போய்விடும். அப்படி நினைத்ததும் அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி அவளுக்கே அருவருப்பாகவும் இருந்தது.

மகள் கூடத்தில், எடுக்காமல் விட்டிருந்த ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், பின்னறையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வலது கையைத் தொடைக்கு அடியில் கொடுத்து அழுத்தியிருந்தாள். பின்னறைக் கதவு நாலு விரல் திறந்திருந்தது. சமையலறையிலிருந்து வந்த அவள் அதைச் சாத்தப் போனாள்.

"மூடாதம்மா."

"ஏன்டி?"

"நேத்து நான் போங்கன்னு கை காட்டிட்டேன்." வீட்டுப்பாடத்தை விளக்குகிற குரலில் மகள் சொன்னாள். "திரும்ப வந்தா வாங்கன்னு சொல்லணும்ல."

சுடுகாட்டிலிருந்து வந்தது முதல் மகள் அங்கேதான் உட்கார்ந்திருந்தாளாம். நடுவில் ஒரு முறை எழுந்து போக வேண்டியிருந்தபோது அத்தையை அந்த நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். அண்ணியும் மறு பேச்சில்லாமல் காவல் இருந்திருக்கிறார்.

எத்தனை நேரம் இப்படி உட்காரப் போகிறாய் என்று அவள் கேட்டாள். தெரியவில்லை என்றாள் மகள். கதவிடுக்கில் ஜன்னலோர நாற்காலியின் ஒரு கை மட்டும் தெரிந்தது. உண்மை தெரிந்த அவளே ஒரு கணம் அந்த இடுக்கைப் பார்த்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இப்போது அங்கே ஒரு முகம் வந்து நிற்கும் என்று தோன்றியது. வந்தால் தண்ணீர்தான் கேட்கும். இந்தப் பிள்ளை நாளைக்கும் இப்படித்தான் உட்காரும், அடுத்த வருஷமும் மனசுக்குள் உட்கார்ந்திருக்கும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

கதவுக்கும் மகளுக்கும் நடுவில் அவள் தரையில் உட்கார்ந்தாள்.

"நீ பாத்தது அப்பாதான்."

"தெரியும்."

"இல்லடி. உயிரோட இருந்த அப்பா."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நெஞ்சு அடைத்ததை, பாட்டில் காலியானதை, தான் சொன்னதை. "நீ கை காட்டறதுக்கு முன்னாடியே நான் வாயால தடுத்துட்டேன். நான்தான் பொறுங்கன்னு சொன்னேன்" என்றாள். அடுத்து, தூங்குகிறார் என்று நினைத்துத் துணி மடித்ததையும் சொன்னாள். சொல்லி முடித்தபோது, மகள் எழுந்து அறைந்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"நான் உள்ள போகச் சொல்லலைன்னா பொழைச்சிருப்பாராம்மா?"

இல்லை என்று சொல்லிவிட எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் டாக்டர் அப்படியும் சொல்லவில்லை, இப்படியும் சொல்லவில்லை. இன்னொரு பொய்யைப் பெற்று வளர்க்க அவளிடம் தெம்பில்லை.

"தெரியலடி" என்றாள்.

மகள் முதல் முறையாக அழுதாள். வாயைப் பொத்திக்கொள்ளவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. அவள் மகளின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெகு நேரம் கழித்து, "உள்ள வந்து கோவமா ஏதாவது சொன்னாரா?" என்று மகள் கேட்டாள்.

"இல்ல. சிரிச்சார்."

"என்ன சொன்னார்?"

அவர் சொன்னதை அவள் அப்படியே சொன்னாள்.

"மேடம் ரிவர்ஸ் போடச் சொல்லிட்டாங்க. போட்டுட்டேன்னார்."

மகளின் உதடு ஒரு பக்கம் கோணியது. சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியவில்லை.

"நீ சொல்ற மாதிரி சொல்றியேம்மா. அவர் சொல்ற மாதிரி சொல்லு."

இருபது வருஷம் குடும்பம் நடத்தியும் அவளுக்கு அவரைப் போல் பேசிக் காட்ட வந்ததில்லை. அந்தக் கோமாளித்தனம் எல்லாம் அவர் பங்கு. ஆனாலும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவர் செய்வதுபோல் லேசாகச் செருமி, தலையைச் சாய்த்து, மேடமை ஓர் இழுப்பு இழுத்துச் சொன்னாள்.

"மே...டம் ரிவர்ஸ் போடச் சொல்லிட்டாங்க. போட்டுட்டேன்."

சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று நின்றது. குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி எட்டிப் பார்க்கவில்லை.

மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இன்னொரு தடவை" என்றாள்.

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.